அம்பைத் தேடிப் போகிறவன்

1

போன தை மாதத்தில் ஒரு சாயங்காலம். தாராபுரத்திலிருந்து குண்டடம் போகிற வழியில் பிரிகிற ஒரு சின்ன ஊரில், மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். எதிர்முனையில் மாமா பையன். வாஷிங்டனுக்கு வெளியே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் இருக்கிறான். அங்கே காலை நேரம். பேச்சு வழக்கம்போல மழை, பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர், யார் வீட்டில் கல்யாணம் என்று போய்விட்டு மக்காச்சோளத்தில் வந்து நின்றது. முக்கால் ஏக்கரைப் பன்றி உழப்பிவிட்டிருந்தது. மாமா அதைச் சொன்னதும் அவன் போனைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே காட்டினான்.

வீட்டுக்குப் பின்னால் இலை உதிர்ந்த மரங்கள். ஒரு மரத்தில் ஏணி சாத்தி, மேலே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பரண் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் வில்லோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கண்ணு அது, கூத்தா?" என்றார் மாமா.

"இல்லீங்கப்பா, மான் வேட்டை. வீடு நெருக்கமா இருக்கற எடத்துல துப்பாக்கி சுடக்கூடாது. அதனால வில்லுதான். பர்மிசன் வாங்கி, பரீட்சை எழுதி, குறி பாத்து அம்பு விட்டுக் காட்டுனாத்தான் உடுவாங்க."

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அம்பு பட்டு ஓடிப்போச்சுன்னா?"

"தேடிப் போகோணும். பக்கத்து வீட்டுத் தோட்டத்துல போய் உழுந்துச்சுன்னா பெல் அடிச்சு, கேட்டுட்டுத்தான் உள்ள போகோணும்."

"அட, மானைத் தேடி வந்தேன்னு சொல்லித்தான் நம்ம முருகனே பொண்ணைக் கட்டீட்டுப் போனான்" என்று சொல்லி மாமா சிரித்தார். போனுக்குள் அவனும் சிரித்தான்.

அன்றைக்கு அது ஒரு ஜோக். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. ஊருக்கு நடுவே வில்லால் மானைக் கொல்வது சரியா தவறா என்பதுதான் யாரும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி. மாமா அதைக் கேட்கவில்லை. அடிபட்ட மானுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நமக்குத் தெரிந்த சில கதைகளைத் திரும்ப வாசித்துப் பார்க்கலாம்.

2

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே இருப்பது வெண்வால் மான். 1900 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவு வேட்டை. இன்று சுமார் 3 கோடி. நடுவில் ஓநாயையும் பூமாவையும் பெரும்பாலான இடங்களில் மனிதர்கள் ஒழித்துவிட்டார்கள். காட்டை வெட்டி வீடு கட்டினார்கள், வீட்டைச் சுற்றிப் புல்லும் பூச்செடியும் வைத்தார்கள். மானுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. சாப்பாடு உண்டு, புலி இல்லை, துப்பாக்கியும் இல்லை. அப்புறம் மான் மீது கார் மோதி ஆள் சாவது, உண்ணி கடித்து லைம் நோய் வருவது, காட்டில் ஒரு கன்றுகூட மரமாக முடியாமல் மான்களே மேய்ந்து தீர்ப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது.

ஆல்டோ லியோபோல்ட் என்கிற வனத்துறைக்காரர் இதை முன்கூட்டியே பார்த்தவர். அவர் இறந்த பிறகு 1949இல் வெளியான அவருடைய புத்தகத்தில், இளம் வயதில் தான் சுட்ட ஒரு பெண் ஓநாயைப் பற்றிய கட்டுரை இருக்கிறது. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அது வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று நினைத்துச் சுட்டவர், சாகும் ஓநாயின் கண்ணைப் பார்த்து யோசிக்கத் தொடங்குகிறார். மான் எப்படி ஓநாய்க்குப் பயப்படுகிறதோ அப்படி மலை மானுக்குப் பயப்படுகிறது என்ற இடத்துக்குப் போய்ச் சேருகிறார். ஓநாயைக் கொன்ற பிறகு ஓநாயின் வேலையை யாராவது செய்தாக வேண்டும். பரணில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் செய்வது அதைத்தான்.

எல்லா ஊரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 2016இல் ஆண் மான்களைப் பிடித்துக் கருத்தடை செய்யத் தொடங்கினார்கள். கொல்ல வேண்டாம் என்று ஒரு நகரம் முடிவெடுத்துப் பல லட்சம் டாலர் செலவழித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு தீவும் நிறைய பணமும் வேண்டும்.

வில்லை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தோட்டா மாதிரி அம்பு அந்த இடத்திலேயே சாய்த்துவிடாது. நல்ல இடத்தில் பட்டாலும் மான் ஓடிப்போய்த்தான் விழும். தவறான இடத்தில் பட்டால் நாள்கணக்கில் காயத்தோடு திரியும், சில சமயம் முதுகில் அம்போடு குழந்தைகள் விளையாடும் புல்வெளியில் வந்து நிற்கும். ஆதரிப்பவர்கள் சொல்வது: வில்லாளி இருபது முப்பது கெஜத்துக்குள் வரும்வரை காத்திருந்தாக வேண்டும், பார்க்காமல் கொல்ல முடியாது, கறி வீணாவதில்லை, ஏழைகளுக்குப் போகிறது.

இரு பக்கமும் கடைசியில் ஓர் இடத்தில் மோதுகின்றன. அம்பு பட்டதற்கும் உயிர் போனதற்கும் நடுவில் இருக்கும் அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு?

3

இப்போது வள்ளி கதை. குறவர்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் மான் ஈன்ற குழந்தை, தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டுகிறாள். வேடன் வேடத்தில் முருகன் வந்து, "இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா?" என்று கேட்கிறான். நாம் இதை ஒரு காதல் கதையின் தொடக்கமாக மட்டுமே வாசிக்கிறோம். சங்க அகப்பாடல்களிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. தலைவன் புனத்துக்கு வந்து, தன் அம்பு பட்ட யானையோ மானோ இவ்வழி வந்ததா என்று விசாரிப்பான். தோழிக்கு உடனே புரிந்துவிடும், இவன் தேடுவது மானை இல்லை என்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் நாய்கள் சூழ வந்து, தப்பிப்போன விலங்கைக் கேட்டு நிற்பவனும் இந்த ஆள்தான். உரைகாரர்கள் இதைச் சாக்கு என்று சொல்வார்கள். சரிதான்.

ஆனால் ஒரு சாக்கு எப்போது செல்லுபடியாகும்? ஊரில் எல்லாரும் நம்புகிற வழக்கம் ஒன்று அதற்குப் பின்னால் இருந்தால்தான். "சார்ஜர் இருக்கா?" என்று கேட்டு ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கலாம், ஏனென்றால் எல்லாருக்கும் சார்ஜர் தேவைப்படும். அதுபோல, அடிபட்ட விலங்கைத் தேடிக்கொண்டு வேட்டைக்காரன் அடுத்தவர் புனத்துக்கு வருவதும், வந்தவன் அனுமதி கேட்டு நிற்பதும் அந்த மலையில் சாதாரணமாக நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொய்யை ஒரு கவிஞர் இல்லை, பத்துக் கவிஞர்கள் பயன்படுத்தியிருக்க முடியாது. காதலன் பொய் சொல்கிறான். அந்தப் பொய்க்குள் ஓர் அறம் பத்திரமாக இருக்கிறது: அம்பு விட்டவன் பின்தொடர்ந்து போக வேண்டும், போகிற இடத்தில் முகத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். ஃபேர்ஃபாக்ஸில் பெல் அடிக்கிற ஆள் இதைத்தான் செய்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். புனத்தில் நிற்கிற பெண் கையில் இருப்பவை தட்டை, தழல், குளிர், கவண். எல்லாமே ஓட்டுகிற கருவிகள். அங்கே காவல் என்றால் ஆள் இருப்பது, சத்தம் போடுவது, தூங்காமல் இருப்பது.

அதற்காகப் பழைய காலத்தைப் பொன்னுலகம் ஆக்கவும் வேண்டாம். புனவன் பன்றிக்கு வைத்த கற்பொறியில் புலி வந்து மாட்டும் காட்சியும் நற்றிணையில் உண்டு. அந்தப் பொறிக்கு அடார் என்று பெயர். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், ஆள் தேவையில்லை. ஆள் இல்லாத பொறிக்கு ஆள் அடையாளமும் தெரியாது. பன்றிக்கு வைத்தால் புலி. அந்தப் பாட்டை எழுதியவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

4

நம்முடைய இன்றைய காவல் முழுக்க அடார்தான்.

காரணம் எளிது. பரண் மேல் நிற்க ஆள் இல்லை. எங்கள் ஊரிலிருந்து பனியன் கம்பெனி வண்டி காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பக்கம் போகிறது. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. தினைப்புனத்துப் பெண் இப்போது செக்கிங் டேபிளில் நின்று பனியனில் டேமேஜ் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைத் திரும்ப வா, வந்து ராத்திரி முழுக்கக் கிளி ஓட்டு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மிச்சம் இருப்பது அறுபது தாண்டிய ஆண்களும் பெண்களும். அவர்கள் எத்தனை ராத்திரிதான் டார்ச் லைட்டோடு முழித்திருப்பார்கள்?

இந்தப் பக்கம் நிலமும் மாறிவிட்டது. மேட்டாங்காட்டில் சோளமும் கம்பும் போட்ட இடத்தில் கோழித்தீவன மக்காச்சோளம். ஆள் உயரத்துக்கு அடர்த்தியாக நிற்கும். பன்றிக்கு அது சாப்பாடு மட்டும் இல்லை, வீடும் கூட. அமராவதிக் கரையின் சீமைக்கருவேல் இன்னொரு வீடு. கொறங்காடு என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்த்து, காங்கேயம் மாடு மேய்த்தார்கள். கிளுவை வேலி உயிரோடு வளரும். மாட்டை நிறுத்தும், யாரையும் கொல்லாது. அதுவும் குறைந்து வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம் என்றிருந்த பிரிவுகளையும் 1991 திருத்தம் எடுத்துவிட்டது. 2022 திருத்தத்துக்குப் பிறகு புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன, மயில் முதல் அட்டவணையில். ஆபத்தான விலங்கு, பயிரை அழிக்கும் விலங்கு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு கணக்குப் போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் என்றால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். கேரளாவில் 2022இலேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். சுட்ட பன்றியை யாரும் தின்றுவிடாதபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்த செய்திகள் வந்தன. கொல்லலாம், ஆனால் அந்தச் சாவு யாருக்கும் எதற்கும் உதவிவிடக் கூடாது! எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

காகிதத்தில் இவ்வளவு. ராத்திரியில் நடப்பது வேறு. மின்கம்பி, அவுட்டுக்காய், சுருக்கு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்தின் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்ற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த பழத்தைக் கடித்து ஆற்றுக்குள் போய் நின்று செத்த கர்ப்பிணி யானையும் நினைவிருக்கும். அந்த வெடி பன்றிக்கு வைத்தது. அடாரில் மறுபடியும் புலி. மனிதர்களும் சாகிறார்கள். காலையில் தண்ணீர் கட்டப் போனவர், பக்கத்துக் காட்டு ஆள், சில சமயம் கம்பி வைத்தவரே.

மான் கதையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அவிநாசி வட்டம் புதுப்பாளையம் பக்கம், கௌசிகா ஓடையை ஒட்டிய நிலங்களில் புள்ளிமான்கள் கூட்டமாக இருக்கின்றன. மலை இல்லை, காடு என்று சொல்லும்படியும் இல்லை. சுற்றிலும் விசைத்தறியும் பனியன் கம்பெனியும் சாலையும். அங்கே யாரும் அவற்றை வேட்டையாடுவதில்லை. நாய் துரத்திக் கொல்கிறது, வண்டி அடிக்கிறது. சென்னை கிண்டியிலும் இதே கதை. 1978இல் தேசியப் பூங்கா ஆன அந்தச் சின்னக் காட்டிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் செத்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் எடுத்திருக்கிறார்கள். நாய் கடித்த மான்கள் வேறு.

திருக்குறளில் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறோம். சமணம் வேரூன்றியிருந்த நாடு கொங்கு. அந்தப் பெருமையோடு அமெரிக்கக்காரனைப் பார்த்து, "வீட்டுக்குப் பின்னாடியே மானைக் கொல்றாங்களே, காட்டுமிராண்டிங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் நம்மிடம் இருப்பது கொல்லாமையா? மான் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. கொன்றது யார் என்று கேட்டால் கை காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். நாய், லாரி, கரண்ட், பிளாஸ்டிக். நாம் கொலையை ஒழிக்கவில்லை. கொலையாளியை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டோம்.

5

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு பன்றிக் கதை உண்டு. அண்ணன்மார் சாமி கதை. பொன்னர் சங்கர் என்றால் உங்களில் பலருக்குக் கலைஞரின் நாவலோ 2011 சினிமாவோ ஞாபகம் வரும். அதற்கு முன்னால் அது உடுக்கடிப் பாட்டு. பல ராத்திரிகள் பாடுவார்கள். 1960களில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இதை ஒலிப்பதிவு செய்தார். பாடுகிற ஆளுக்கு ஆள் விவரம் மாறும். ஆனால் பன்றி மாறாது. அதன் பெயர் கொம்பன்.

கொம்பன் வேட்டுவர் பக்கத்துப் பன்றி. அது அண்ணன்மாரின் வயலை வந்து அழிக்கிறது. உழுகிறவனுக்கு அது அழிவு, காட்டை நம்பி இருக்கிறவனுக்கு அது செல்லம். கதையைப் பெரும்பாலும் உழுகிறவன் பக்கத்திலிருந்தே பாடுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. வேட்டுவர் பாடியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்றைய குறைதீர்க்கும் கூட்டங்களில் விவசாயிகள் வனத்துறையிடம் சொல்வதைக் கேட்டால் கொம்பன் கதை அப்படியே திரும்ப வரும். "உங்க பன்னிங்க அது. நீங்க கட்டி வையுங்க. எங்க காட்டுக்கு ஏன் வருது?" காட்டு விலங்கெல்லாம் அரசின் பொறுப்பு என்று சட்டம் சொன்ன பிறகு, வேட்டுவர் இருந்த இடத்தில் இன்று வனத்துறை இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் கணக்கு என்பது கொம்பனுக்குப் போட்ட எல்லைக்கோடு. மக்காச்சோளத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பன்றிக்கு அந்தக் கோடு எங்கே தெரியும்?

கதைக்குள் வேட்டை எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பொன்னாச்சி என்று ஒரு சின்ன நாய். முதலில் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள், வேட்டை பலிப்பதில்லை. அதைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் கொம்பன் சாய்கிறான். குத்துவது சங்கர், ஈட்டியோடு, முகத்துக்கு முகம். எல்லாருக்கும் பெயர் இருக்கிறது: பன்றிக்கு, நாய்க்கு, குத்தியவனுக்கு. அதைவிட முக்கியம், பன்றி செத்ததோடு கதை முடிவதில்லை. அந்தச் சாவு வேட்டுவரோடு போராக விரிந்து, அண்ணன்மாரே படுகளத்தில் விழுகிறார்கள். இன்றும் திருவிழாக்களில் ஆட்கள் மயங்கி விழுந்து படுகளம் கிடக்கிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். ஜெயித்தவனின் சாவைக் கும்பிடும் கதை இது. பயிரைக் காப்பாற்ற ஒரு பன்றியைக் கொல்வதுகூட இனாமாக முடியாது என்று உடுக்கைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அரசாணைக்குத் தெரியவில்லை.

6

மகாபாரதத்துக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்று இங்கே சொல்வார்கள். பாண்டவர் மறைந்திருந்த விராடபுரம்தான் தாராபுரம் என்பது நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் அர்ஜுனன் தன் வில்லை வன்னி மரத்தில் கட்டி ஒளித்தது எங்கள் ஊர் எல்லையில். வரலாறாக இதை வாதாட வேண்டியதில்லை. வில்லை இறக்கி வைத்துவிட்டு வந்த ஊர் என்ற படிமம் போதும்.

அந்தக் காப்பியத்தில் மான் வேட்டை பற்றி இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பிரபலமானது. பாண்டு காட்டில் கூடியிருந்த மான் ஜோடியை அம்பால் அடிக்கிறான். அது மான் வடிவில் இருந்த கிந்தமர் என்ற முனிவர். சாகும்போது இருவருக்கும் வாக்குவாதம் நடக்கிறது. அரசர்கள் மான் வேட்டையாடுவது வழக்கம்தானே என்று பாண்டு வாதாடுகிறான். முனிவர் அதை மறுப்பதில்லை! மானைக் கொன்றதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, கொன்ற நேரத்துக்காகச் சொல்கிறேன் என்பதே அவர் கட்சி. எப்போது கொல்லக்கூடாது என்று ஓர் எல்லை உண்டு என்கிறார். இன்றைய மொழியில் சொன்னால் வேட்டைப் பருவம், தடைக்காலம். ஃபேர்ஃபாக்ஸிலும் அப்படி ஒரு காலண்டர் இருக்கிறது. மின்கம்பிக்கு அது கிடையாது. சினைப் பன்றி, குட்டி, மான், ஆள், எல்லாம் அதற்கு ஒன்று.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. வனபர்வத்தில் துவைதவனத்தில் இருக்கும்போது தருமனுக்கு ஒரு கனவு. அந்தக் காட்டு மான்கள் அழுதுகொண்டே வந்து நிற்கின்றன. உங்கள் வேட்டையால் நாங்கள் குறைந்துபோனோம், விதை அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறோம், நாங்கள் பெருக வேண்டும், இடம் மாறிப் போங்கள் என்று கேட்கின்றன. விடிந்ததும் தருமன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விடுகிறான்.

அடிபட்டதைத் தேடிப் போய்க் கேட்கும் வேடன் ஒரு முனை. எண்ணிக்கை குறைந்ததும் தானே விலகிப் போகும் தருமன் இன்னொரு முனை. வேட்டையின் அறம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டிலும் விலங்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் ஓர் ஆள் இருக்கிறார்.

அப்படியானால் தாராபுரத்திலும் பரண் கட்டி வில்லோடு உட்காரலாமா? வேண்டாம். நம்மூரில் வேட்டை உரிமை என்று ஒன்று வந்தால் அது யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பண்ணை வைத்திருப்பவர் கைக்கு, கட்சிக்காரர் கைக்கு. ஜமீன்தாரும் வெள்ளைக்காரத் துரையும் ஆடிய ஷிகாரின் புகைப்படங்களை நாம் பார்த்திருக்கிறோம். வயிற்றுக்காக வேட்டையாடிய பழங்குடிகளைத்தான் சட்டம் முதலில் குற்றவாளி ஆக்கியது. வில்லை ஒரு ஹாபியாகத் திரும்பக் கொண்டுவருவதில் எனக்கு ஆர்வம் இல்லை. வில்லில் எனக்குப் பிடித்தது வில் இல்லை, அதற்குப் பிறகு வரும் தேடல்.

கொல்லத்தான் வேண்டும் என்றால் அதைப் பகலில் கொண்டுவருவோம். எந்த ஊரில், எத்தனை, யார் உத்தரவில், யார் சுட்டது, காயத்தோடு ஓடியதைத் தேடினார்களா என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டட்டும். பயிர் இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் வரட்டும். இழப்பீடு தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் ஒரு கம்பியை இழுக்க வைக்கிறது. காவலுக்கு ஆள் வைக்கக் கூலி கொடுக்கட்டும். பரணில் உட்காருவதும் வேலைதான். கூடவே தருமன் மாதிரி நாம் நகரவேண்டிய இடங்களையும் ஒப்புக்கொள்வோம். 2023இல் ஊதியூர் மலையில் ஒரு சிறுத்தை வந்து தங்கியது. கன்றுக்குட்டியும் ஆடும் போனது, ஊரே பயந்தது, கூண்டு வைத்தார்கள். ஆடு இழந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் லியோபோல்ட் படித்தவனுக்கு அந்தக் கூண்டைப் பார்த்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வரும். பன்றியைக் குறைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஊருக்கு, அந்த வேலை தெரிந்த ஒன்று தானாகவே வந்து நின்றது.

7

மாமா ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்கிறேன் என்றேன்.

சில வருடங்களுக்கு முன் மாமாவும் ஒரு கம்பி போட்டார். இரண்டு மாதச் சோளம் போய், கடனும் இருந்தது. எனக்குத் தெரியும். கம்பிச் சுருளை டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு வந்ததே நான்தான். மூன்றாம் நாள் விடியக்காலையில் போய்ப் பார்த்தால் கம்பியில் கிடந்தது பன்றி இல்லை, பக்கத்து ஆட்டுப்பட்டியின் நாய். கழுத்தில் மணி கட்டியிருந்தது.

"பொதைச்சுடலாம் மாமா, யாருக்குத் தெரியப் போவுது" என்று சொன்னது நான். கையில் மண்வெட்டி இருந்தது.

மாமா சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, கம்பியிலிருந்து நாயை எடுத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதில் சுற்றினார். தூக்கிக்கொண்டு பட்டிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். பட்டிக்காரர் அப்போதுதான் ஆட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். மாமாவைவிட இளையவர், வேறு சாதி, மாமாவிடம் நின்றுகொண்டுதான் பேசுவார். மாமா நாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாந்தானுங்க கம்பி போட்டேன். பன்னிக்குப் போட்டது. தப்பாப் போச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாயின் கழுத்திலிருந்து மணியை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டார். மாமா கொடுத்த காசை வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் காட்டு வழியாக ஆடு ஓட்டுவதில்லை.

அன்றைக்கே கம்பியைச் சுருட்டிவிட்டோம். அடுத்த வருடமும் பன்றி வந்தது, இந்த வருடமும் வந்தது. முக்கால் ஏக்கர் போனது. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. டார்ச் லைட்டும் ஒரு தகர டப்பாவும் வைத்துக்கொண்டு பாதி ராத்திரி முழித்திருக்கிறார். இதைத் தீர்வு என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆள் எத்தனை வருடம் இப்படி முழித்திருக்க முடியும்?

அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன் மாமா பையன் சொன்னான், மரத்திலிருந்தவர் இறங்கிவிட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை போல என்று. மாமா கேட்டார்: "அம்பு உட்டாரா?"

"இல்லீங்கப்பா. சும்மா உக்காந்திருந்துட்டு எறங்கீட்டார்."

"செரி, அப்பத் தேட வேண்டியதில்ல" என்றார் மாமா.